திரையரங்கில் கூட்டமும் அவையும்

படக்காட்சியைத் தனித்திருந்து காண்டல் இனிதோ, பலரோடு நெருங்கியிருந்து காண்டல் இனிதோ என்னும் வினா நம் மாணவருலகில் இந்நாளில் அடிக்கடி எழுகின்றது. முன்னாளில் இவ்வினாவுக்கு இடமே இல்லை. படம் காண வேண்டின் கொட்டகைக்குச் சென்றே ஆகவேண்டும். கொட்டகையிற் கூட்டம் இருந்தே தீரும். இக்காலத்திலோ கையகலக் கண்ணாடிப் பலகை ஒன்றில் உலகத்துப் படமெல்லாம் வந்து நிற்கின்றன. ஆகவே கூட்டத்தை நாடுவதும் நாடாது விடுவதும் நம் விருப்பத்தின்பாற் பட்டன. விருப்பத்தின்பாற் பட்டதொன்றை ஆராய்ந்து தெளிதல் கற்பார் கடன். அவ்வாராய்ச்சியில் நாம் கண்ட முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். கூட்டம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அஃது அவையாக மாறும்போது படத்தின் சுவையைப் பன்மடங்கு பெருக்குகின்றது. வெறுங்கூட்டமாகவே நின்றுவிடின் அச்சுவையைக் கெடுக்கின்றது. சிற்சில வேளைகளில் உயிரையுங் கொள்கின்றது.

எதிர்க்கட்சியாரின் கூற்றை முதற்கண் கேட்போம். அவர் கூற்றில் வலியில்லாமற் போகவில்லை. விடுமுறை நாளின் மாலையில் காந்திபுரத்துப் பேருந்து நிலையத்தில் இறங்கி, கிராஸ்கட் சாலையின் நெரிசலில் நீந்தி, ஒருவாறு அரங்கை அடைந்தால், ஆங்கே பின்னிருக்கையார் கால் நம் முதுகில். முன்னிருக்கையார் செல்பேசியின் ஒளி நம் கண்ணில். கதைத் தலைவன் தோன்றியவுடன் எழும் சீழ்க்கையொலியில் அவன் கூறும் முதல் மொழி நம் செவிக்கு எட்டுவதேயில்லை. ஒரு குழந்தை அழும். ஒருவர் கதையின் முடிவை அயலாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். இத்துணை இடுக்கணும் காசு கொடுத்துப் பெறவேண்டுமா? வீட்டிலிருந்தால், வேண்டுமிடத்தில் நிறுத்தலாம்; விளங்காவிடத்தில் மீளக் காணலாம்; நள்ளிரவிலும் காணலாம். நூலைத் தனித்திருந்து படிக்கின்றோமே, படத்தை மட்டும் ஏன் பலரோடு பார்த்தல் வேண்டும்? இவ்வாறு அவர் வினவுகின்றனர். இவ்வினாவுக்கு விடை கூறாது, கூட்டமே கொண்டாட்டம் என்று முழங்குதல் வாதமாகாது.

இதனை ஆராய்தற்குக் கோயமுத்தூர் மிகவும் ஏற்ற ஊர். இந்நகரிற் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883-1942) என்பார் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயிற் படவரைவாளராக அலுவல் பார்த்து வந்தார். ஊர்தோறும் படங்காட்டி வந்த டூபான் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் நோயுற்றுத் தாய்நாடு திரும்ப எண்ணியபோது, அவர்தம் படக்கருவியையும் படச்சுருள்களையும் 1905-ஆம் ஆண்டில் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் ஒன்று இயேசு பெருமானின் வாழ்க்கையைக் காட்டுவது. கூடாரமொன்றை உடன்கொண்டு அவர் தென்னாடெங்கும், பின்னர் வடக்கேயும் கடல்கடந்தும் சென்று படங்காட்டினார். 1914-ஆம் ஆண்டில் தாம் பிறந்த ஊரிலேயே வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். தென்னிந்தியாவின் பழம்பெரும் படக்கொட்டகைகளுள் அஃதொன்று. அஃது எழுந்த சாலை இன்றும் வெரைட்டி ஹால் சாலையென்றே வழங்குகின்றது.

அக்காலத்துப் படங்கள் பேசா. காட்சிகளுக்கிடையே எழுத்துகள் தோன்றும். அவற்றைப் படிக்கவல்லார் கூட்டத்தில் மிகச் சிலர். ஆதலின் திரையருகே ஒருவர் நின்று, தோன்றும் எழுத்தை உரக்கப் படித்துக் கதையையும் விரித்துரைப்பது தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் வழக்கமாயிருந்தது. படித்தார் படியாதார்க்குச் சொல்லுவர். முன்பு கண்டார் புதியார்க்கு விளக்குவர். படம் ஊமையாயினும் கொட்டகை ஊமையன்று. எனவே, நம் நாட்டிற் படம் பார்த்தல் என்பது தொடக்கத்திலேயே ஒருவர்க்கொருவர் துணைநின்று செய்த செயலாயிருந்தது. நூலைத் தனித்துப் படித்தலோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாமைக்கு இதுவே முதற் காரணம். படத்தின் முன்னோர் ஏடல்லர். கூத்தும் கதைப்பாட்டுமே அதன் முன்னோர்.

அவ்வாறு கூடினார் யாவர் என்பதும் எண்ணத்தக்கது. இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள், தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் அரிய கருத்தொன்றை நிறுவினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சி கண்ட முதல் இடம் திரைப்படக் கொட்டகையே என்பதும், அங்கே இருக்கை பிறப்பால் அன்றிக் கொடுக்கும் காசால் வகுக்கப்பட்டது என்பதும் அக்கருத்தின் சாரம். கோயிலுக்குள் நுழையவொட்டாது தடுக்கப்பட்டாரும், ஊர்க்கூத்தில் ஒதுங்கி நின்று பார்க்கப் பணிக்கப்பட்டாரும், சில காசு கொடுத்துத் தரையில் அமர்ந்து, பெருநிலக்காரர் கண்ட அதே படத்தைக் கண்டனர். காசால் வரும் வேற்றுமையும் வேற்றுமையே; தரையும் பெஞ்சியும் நாற்காலியும் ஒன்றாகா. ஆயினும் பிறப்பை மாற்ற ஒருவராலும் இயலாது. காசைச் சேர்க்க இயலும். பைகாரா மின்சாரம் 1930-களில் வந்தபின் பஞ்சாலைகள் பெருகிய இந்நகரில், ஆலைச் சங்கொலி கேட்டு வெளிப்போந்த தொழிலாளர்க்கு அத்தரையே ஓர் உரிமை நிலமாயிற்று.

நிற்க. கதையை அறிதற்பொருட்டே மக்கள் கூடுகின்றனர் எனின், கதை தெரிந்தபின் மீண்டும் கூடுவானேன்? எங்கள் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை யடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவர். பொன்னரும் சங்கரும் முடிவில் மாள்வர் என்பதைப் பாலரும் அறிவர். எனினும் படுகளப் பகுதி வருங்கால் ஊரே கலங்கும். தங்காள் புலம்பல் கேட்டுத் தாய்மார் முந்தானையாற் கண்ணைத் துடைப்பர். சென்ற நோம்பியிலும் அழுதனர். வரும் நோம்பியிலும் அழுவர். இவ்வியல்பே திரைப்படத்துக்கும் வந்தமைந்தது. நம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பெற்ற ஹரிதாஸ் 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தியாகராஜ பாகவதர் பாடல்கள் இசைத்தட்டிலும் கிடைத்தன, வீட்டிலிருந்தே கேட்டிருக்கலாம். ஆயினும் மக்கள் மீண்டும் மீண்டும் சென்றனர். அவர் தேடிச் சென்றது செய்தியை அன்று. ஒரு சுவையைப் பலரோடு கூடி நுகரும் இன்பத்தை.

இவ்வின்பத்தின் இயல்பை நம் முன்னோர் நுணுகி அறிந்திருந்தனர். தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படுதலின் அதற்கு மெய்ப்பாடு என்பது பெயராயிற்று. உரையாசிரியர்கள் இதனைக் கூத்தொடு பொருத்தி, ஆடுவான்பால் தோன்றியது காண்பான்பால் எவ்வாறு சென்று சேர்கின்றது என்றும் ஆராய்ந்தனர். நாம் ஒருபடி மேற்சென்று வினவுகின்றோம்: ஒரு காண்பான்பால் தோன்றியது அவன் பக்கத்திருக்கும் மற்றொரு காண்பான்பாற் செல்லாதோ? செல்லும் என்பது வெளிப்படை. உடலிற் புலப்படுவதொன்றைப் பக்கத்திருப்பார் அறியாதிருத்தல் இயலாது. அமெரிக்க உளநூலார் இராபர்ட் புரோவைன் என்பார் நகையைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்தவர். தனித்திருக்கும்போது நகைப்பதைக் காட்டிலும் பிறரோடிருக்கும்போது மாந்தர் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாக நகைக்கின்றனர் என்று அவர் கண்டார். எட்டனுள் நகையைத் தொல்காப்பியனார் முதற்கண் வைத்தமை ஈண்டு நினைந்து மகிழத்தக்கது. நாகேஷின் நகைச்சுவையைக் கைப்பேசியில் தனித்துக் காண்பார் இதழ்க்கடையிற் சிறிது முறுவலிப்பர். அதனையே நிறைந்த அரங்கிற் காண்பார் விலாப்புறம் நோவச் சிரிப்பர். படம் ஒன்றே, காண்பாரும் அவரே, துணையே வேறு.

நகை மட்டுமோ? அச்சத்தையும் அழுகையையும் நோக்குவோம். பேய்ப்படம் ஒன்றைத் தனியறையிற் காண்பான் அஞ்சியவுடன் ஒலியைக் குறைக்கின்றான், அல்லது நிறுத்திவிடுகின்றான். அரங்கில் அது கூடாது. ஆயிரம் பேரும் ஒருசேர மூச்சடக்கி, ஒருசேர அலறி, அலறியதற்காக ஒருசேர நகைக்கின்றனர். அச்சம் முழுமையாக வந்து முழுமையாகக் கழிகின்றது. அழுகையின் இயல்போ இன்னும் வியப்புக்குரியது. அதனைப் பெருக்குவது ஒலியன்று, அமைதி. சற்றுமுன் ஆரவாரித்த கூட்டம் திடுமென ஓசையடங்கும்போது, அவ்வமைதி வெற்றறையின் அமைதி போன்றதன்று. பலர் கூடி ஒரு துயருக்கு இடங்கொடுத்த அமைதி. இருளிலே யாரோ மூக்கை உறிஞ்சும் சிற்றொலி கேட்டபின்னரே நம் கண்ணில் நீர் பெருகுகின்றது. முன்பின் அறியாத ஒருவர் நமக்கு அழுவதற்கு இசைவளித்து விடுகின்றார்.

செவியின்பத்துக்கும் கூட்டம் ஒருவகையில் துணைசெய்தலுண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவு கூறப்படுகின்றது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். தூணின் நிழல் காண்பார்க்கு இடையூறாகாதவாறு விளக்கு வைக்கும் முறையும் ஆங்கே சுட்டப்படுகின்றது. காண்பாரை எண்ணியே அரங்கமைத்த மரபு நமது. ஒலியைப் பற்றிய ஆராய்ச்சி பிற்காலத்தது. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் புதிதாய் எழுந்த விரிவுரை மண்டபமொன்றில், எதிரொலி மிகுதியால் பேச்சு விளங்காதிருந்தது. அதனை ஆராயப் புகுந்த வாலஸ் சபைன் என்னும் பௌதிகப் பேராசிரியர், மெத்தைகளும் மாந்தர் உடலும் ஒலியை உறிஞ்சி எதிரொலியைத் தணிக்கின்றன என அளந்து காட்டினார். மரப்பலகையும் இரும்பு நாற்காலியும் தகரக் கூரையும் உடைய பழைய கொட்டகை வெறுமையாயிருப்பின் ஒலி முட்டி மோதிக் குழம்பும். நிறைந்திருப்பின் சொல் தெளிவாகும். இக்காலத்து நல்லரங்குகளில் மெத்தையிருக்கைகளே இப்பணியைச் செய்கின்றன. பழைய கொட்டகையிலோ மக்களே மெத்தையாயிருந்து உதவினர்.

அண்மைக்காலத்து எடுத்துக்காட்டொன்றும் காட்டுவோம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. கொச்சியின் பக்கத்துள்ள மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர் குழுவில் ஒருவர் 2006-ஆம் ஆண்டில் குணா குகைப் பிளவில் வீழ்ந்ததும், தோழர் ஒருவர் உள்ளிறங்கி அவரை மீட்டதும் அதன் கதை. உண்மையில் நிகழ்ந்த நிகழ்ச்சி. மீட்சியின் உச்சத்தில், 1991-ஆம் ஆண்டில் வந்த குணா படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல் ஒலிக்கின்றது. தமிழ்நாட்டு அரங்குகளில் அவ்விடத்தில் எழுந்த ஆரவாரம் நாடறிந்தது. நம் நகரமோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மலையாளம் அறிந்தாரும் அறியாதாரும் ஒரே வரிசையில் அமர்ந்து அதனைக் கண்டனர். முப்பதாண்டுகட்கு முன் அப்பாடலைக் கேட்டு வளர்ந்த தந்தையரும், தந்தையர் வாயிலாகக் கேட்ட மக்களும், அண்டை மாநிலத்தாரும் ஒரே நொடியில் ஒரே நினைவினால் தாக்குண்டனர். காதலுக்கென அமைந்த பாடல் நட்பின் பாடலாக மாறியதை அரங்கமே உணர்ந்து எழுந்தது. இதே படத்தைப் பின்னர்க் கைப்பேசியிற் கண்ட நண்பர் சிலர், நல்ல படமென்று கூறினரேயன்றி, அவ்விடத்தை எடுத்துக் கூறினாரில்லை. ஒரு பாடலின் நினைவு பலரிடத்துப் பகுந்து கிடப்பது. பலர் கூடியபோதே அது முழுவதும் திரண்டெழுகின்றது.

இனி, கூட்டத்தைக் குறைத்துப் பார்த்த காலமொன்றும் உண்டு. பெருந்தொற்றினால் 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மூடப்பெற்ற தமிழ்நாட்டு அரங்குகள், நவம்பர் 10-ஆம் நாள், பாதி இருக்கைகளே நிரப்பப்படல் வேண்டும் என்னும் வரையறையோடு திறக்கப்பெற்றன. இரண்டு நாட்களின் பின் சூரரைப் போற்று அரங்குக்கு வாராமல் நேரே இணையத்தில் வெளியாயிற்று. அடுத்த சனவரி 13-ஆம் நாள் மாஸ்டர் பாதி இருக்கைகளோடு அரங்குகளில் வெளியாயிற்று. அத்திங்கள் 29-ஆம் நாளே இணையத்துக்கும் வந்தது. பதினாறு நாள் பொறுத்திருந்தால் வீட்டிலேயே காணலாம். நோயச்சமும் நீங்கவில்லை. ஆயினும் மக்கள் அரங்குக்குச் சென்றனர். அன்று பள்ளிச் சிறாராயிருந்த நாம் இன்று நினைந்து பார்க்கின்றோம். ஒவ்வோர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கை வெறுமை. இடநெருக்கடியில்லை, முழங்கை இடிக்கும் தொல்லையில்லை. தனிமையை விரும்புவார் கேட்ட வசதி யாவும் அங்கே இருந்தன. எனினும் எல்லோரும் விரும்பிக் காத்திருந்தது அவ்வெற்றிருக்கைகள் நிறையும் நாளையே. அந்நாட்களில் கூட்டத்தைக் குறைத்தது நன்றே. உயிரினும் காட்சி பெரிதன்று. ஆனால், நாம் இழந்திருந்தது இன்னதென அவ்வெற்றிருக்கை நமக்கு உணர்த்திற்று.

இதுகாறும் கூறியவற்றால் கூட்டத்துக்கு வெற்றி என்று முடிவுகட்டி விடலாமோ? கூடாது. நாணயத்தின் மறுபுறமும் நோக்குதல் வேண்டும். 1997-ஆம் ஆண்டு சூன் 13-ஆம் நாள் தில்லி உபகார் அரங்கில் தீப்பற்றியபோது, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தமையால் 59 பேர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டு சனவரியில், சென்னையில் நள்ளிரவுக் காட்சியின்போது, லாரியின்மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் வீழ்ந்து இறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த லியோ படத்துக்குக் காலை 9 மணிக்கு முன் காட்சி கூடாதென்று அரசு வரையறுத்தது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரவு, ஐதராபாத்தில் புஷ்பா இரண்டாம் பாகத்தின் முற்காட்சியில், நடிகரைக் காண முந்திய நெரிசலிற் சிக்கித் தாயொருவர் உயிரிழந்தார். அவர் மகனும் கொடுந்துன்பமுற்றான். இவற்றுள் முதலாவது அரங்குடையாரின் அசட்டையால் விளைந்தது. ஏனையவற்றில் கூடினார் கண் திரையின்மேல் இல்லை. தம்மேலும் நடிகர்மேலுமே இருந்தது. பாலபிடேகமும் பட்டாசும் முழக்கமும் நிகழுமிடத்தில் படம் ஒரு சாக்கு மட்டுமே. அத்தகைய முதற்காட்சிக்குச் சென்று, கூட்டம் படத்தைக் கெடுத்தது என்று நொந்துகொள்வார், சந்தைக்குச் சென்று இரைச்சல் என்று நொந்துகொள்வாரோடு ஒப்பர்.

வேறொரு குறையும் உண்டு. அஃது அமைதியாக நிகழ்வதாதலின் நம் கண்ணிற் படுவதில்லை. 2023-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள், சென்னையில் பத்து தல படத்துக்கு நுழைவுச்சீட்டுப் பெற்று வந்த நரிக்குறவர் குடும்பத்தார் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். அக்காட்சி செல்பேசிகளில் பரவி, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவர்கள் பின்னர் உள்ளே விடப்பட்டனர். காசு கொடுத்தார் எவரும் உட்காரலாம் என்னும் நூறாண்டு வழக்கம் எத்துணை மெலிந்தது என்பதனை அந்நாள் காட்டிற்று. இருக்கை எல்லாம் நிறைந்திருந்தும், வரவேண்டியவர் வெளியே நிறுத்தப்பட்டிருந்தால் அவ்வரங்கம் நிறைந்ததாகாது. விலையால் நிகழும் தடையும் இத்தகையதே. பேரங்காடிகளுக்குள் அமைந்த குளிர்ந்த அரங்குகளில் காவலர் ஒருவரையும் தடுப்பதில்லை. விலைப்பட்டியலே பலரைத் தடுத்துவிடுகின்றது. ஞாயிறுதோறும் காந்திபுரத்து நடைபாதைகளில் வடநாட்டுத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாய் உலாவக் காண்கின்றோம். அவர்தம் மாலைப்பொழுது பெரும்பாலும் கைப்பேசித் திரையிலேயே கழிகின்றது. தனிமை அவர் விரும்பி ஏற்றதோ, நாம் அவர்க்கு அளித்ததோ என்பது எண்ணிப் பார்க்கற்பாலது.

ஆகவேதான் கூட்டம் வேறு, அவை வேறு என்றோம். திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என ஈரதிகாரம் வகுத்து, அவையின் தரத்தை ஆராய்ந்து பேசுமாறு சொல்வானுக்கு அறிவுறுத்தினார். காண்பானுக்கும் அவ்வறிவு வேண்டும். அவைக்கு இலக்கணம் மூன்றென நாம் கருதுகின்றோம். கூடினார் அனைவரும் ஒன்றையே நோக்கியிருத்தல் முதலாவது. வேறுபட்ட நிலையினரும் வயதினரும் மொழியினரும் இடம்பெற்றிருத்தல் இரண்டாவது. தன் இன்பம் அயலார் இன்பத்தைக் கெடாதவாறு ஒவ்வொருவரும் தம்மை அடக்கியிருத்தல் மூன்றாவது. அடக்கம் என்பது ஊமையாயிருத்தலன்று. சிரிக்குமிடத்துச் சிரித்தலும், கைதட்டுமிடத்துத் தட்டுதலும் அவைக்கு அழகே. செல்பேசியை ஏந்தித் திரையைப் படமெடுத்தலும், பக்கத்துப் பெண்டிர் கூசுமாறு கூச்சலிடுதலுமே அவைக்கு ஒவ்வாதன. பெண்டிர் அச்சமின்றி அமரவியலாத அரங்கில் ஆயிரவர் இருப்பினும் அஃது அவையன்று.

எல்லாப் படங்களையும் அவையிலேயே காணல் வேண்டும் என்றும் நாம் வாதிப்பதில்லை. ஒருவர் முகத்தின் சிறு மாற்றத்தையே கதையாகக் கொண்ட படங்கள் உள. அவற்றைத் தனித்திருந்து, நிறுத்தி நிறுத்திக் காண்டல் பயன்தரும். செய்யுளை அரங்கேற்றத்திற் கேட்டுப் பின் ஏட்டில் ஆராய்வதுபோல, படத்தை முதன்முறை அவையிற் கண்டு மறுமுறை தனிமையில் ஆராய்தலே சிறந்த முறையென்று கொள்ளலாம். இம்முறை தலைகீழாயின் பயன் குன்றும். கைப்பேசியில் முதலிற் கண்டார்க்குப் பின்னர் அரங்கம் தரக்கூடிய வியப்பு பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

இவ்வாதம் வெறும் பொழுதுபோக்கைப் பற்றியது என்று எவரும் எண்ணற்க. வின்சென்ட் எழுப்பிய வெரைட்டி ஹால், பிற்காலத்தில் டிலைட் என்னும் பெயர்பெற்று நெடுங்காலம் விளங்கியது. இன்று அங்கே படம் ஓடுவதில்லை. சாலைக்குப் பெயர் இருக்கின்றது. பெயர் தந்த அரங்கம் தன் தொழிலை முடித்துவிட்டது. இத்தகைய பேரரங்குகள் மறையுந்தோறும், முன்பின் அறியாதார் அருகருகே அமர்ந்து ஒருசேர நகைத்தற்கும் அழுதற்கும் உரிய இடம் ஒவ்வொன்றாகக் குறைகின்றது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கூடுவார் ஒரு நம்பிக்கையினர். கட்சிக் கூட்டத்திற் கூடுவார் ஒரு கொள்கையினர். பலதிறத்தாரும் கலந்து கூடிய இடமாக நெடுங்காலம் நின்றது படக்கொட்டகை. அதனை இழப்பின், அயலாரோடு பொதுவாக உணர்வதற்கு நமக்குக் கிட்டும் வாய்ப்பும் சுருங்கும்.

மாணவ நண்பர்காள்! நாம் செய்யத்தக்கன எளியனவே. முதல்நாட் காட்சியின் வெறியை விடுத்து, நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ செல்வோமாக, அப்போதே குடும்பத்தினரும் முதியோரும் வருவர், அவையும் அமையும். அரங்கினுள் செல்பேசியை அணைத்துப் பையில் இடுவோமாக. நம் நகரில் கோணங்கள் என்னும் திரைப்படச் சங்கத்தார் உலகப் படங்களைப் பொதுமக்களுக்குத் திரையிட்டுக் கலந்துரையாடிய முறையைப் பின்பற்றி, நம் கல்லூரியிலும் பருவத்துக்கு ஒருமுறையேனும் விளையாட்டுத் திடலில் வெண்திரை கட்டிப் படங்காட்டுவோமாக. அவ்விரவில் முன்வரிசை நமக்கு வேண்டா. விடுதிச் சமையற்கூடத்தில் நாள்தோறும் நமக்குச் சோறாக்குவோரும், வாயில் காப்போரும், வளாகத்தைப் பெருக்கித் துப்புரவு செய்வோரும், அவர்தம் மனைவி மக்களும் அவ்வரிசையில் அமர்வாராக. நாம் அவர்க்குப் பின்னே புல்தரையில் அமர்வோம். பழைய மாணவப் பெரியோர் தாம் பயின்ற காலத்துக் கொட்டகை நினைவுகளை அன்று நமக்கு எடுத்துரைப்பாராயின் அதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.

கூட்டத்திற் படம் பார்த்தல் இனிதோ என்று இனி எவரேனும் வினவின், கூட்டத்தில் யாவர் இருக்கின்றனர், எதனை நோக்கி இருக்கின்றனர் என்று நாம் திருப்பி வினவுவோம். பக்கத்திருப்பாரை மறந்தவிடத்து ஆயிரவர் நடுவிலும் நாம் தனியரே. பக்கத்திருப்பாரின் நகையும் கண்ணீரும் நம்முடையனவாகும்போது, படமும் இனிதாகும். நாமும் சற்றே நல்லவராய் வீடு திரும்புவோம்.